வாளுக்கு முன்னால் சத்தியத்தைக் கேட்ட அண்ணாவுக்கு

அன்புள்ள அண்ணா,

இந்த நன்றியை நேரில் சொன்னால் "அதெல்லாம் என்னத்துக்குங்க அம்முணி" என்று பேச்சை மாற்றிவிட்டு டீ சொல்லப் போய்விடுவீர்கள். அதனால்தான் நாலு பேர் படிக்கிற இடத்தில் எழுதுகிறேன். உங்கள் பெயரைப் போடவில்லை, அது உங்களுக்குப் பிடிக்காது. கணபதி என்ற பகுதியில் ஒரு லேத் பட்டறையின் மாடியில், ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் ஆறு பேரை உட்காரவைத்து டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் நடத்துகிற அண்ணா என்றால் தெரிய வேண்டியவர்களுக்குத் தெரியும்.

தெரியாதவர்களுக்கு நாலு வரி சொல்லிவிடுகிறேன். 1974இல் அமெரிக்காவில் கேரி கைகாக்ஸ், டேவ் ஆர்னசன் என்ற இருவர் வெளியிட்ட விளையாட்டு இது. ஒருவர் கதை நடத்துவார். மற்றவர்கள் ஆளுக்கொரு பாத்திரமாகக் கதைக்குள் இறங்குவார்கள். என்ன செய்யப் போகிறோம் என்று வாயால் சொல்ல வேண்டும். அது நடக்குமா நடக்காதா என்பதை 20 முகம் கொண்ட பகடை சொல்லும். நம் மேசையின் பகடை நீங்களே பட்டறையில் பித்தளையில் கடைந்தது. முதலில் செய்தது ஒரு பக்கமாகவே விழுகிறது என்று ஒதுக்கிவிட்டு, இரண்டாவது செய்து கொண்டுவந்தீர்கள். உருட்டினால் மேசைப் பலகை அதிரும்.

நான் எடுத்துக்கொண்டது பாலடின். செய்த சத்தியத்தின் பலத்தால் போரிடும் வீரர் வகை. பழைய பிரெஞ்சுக் கதைகளில் சார்லமேன் அரசனின் பன்னிரண்டு தளபதிகளுக்கு வழங்கிய பெயர். இந்த விளையாட்டுக்குள் 1975இல், 'கிரேஹாக்' என்ற துணைநூல் வழியாக வந்து சேர்ந்தது. அன்றைய விதி கடுமையானது: நெறி தவறினால் பாலடின் என்ற தகுதி போனது போனதுதான், திரும்பி வராது. இன்றைய விதியில் சத்தியங்கள் பல. 2024ஆம் ஆண்டு கையேட்டில் நான்கு இருக்கின்றன: அர்ப்பணிப்பு, புகழ், தொன்மை, பழி. எந்தச் சத்தியத்தை எடுக்கிறோமோ அதுதான் பாலடினின் உட்பிரிவு.

நான் முதல் நாள் வந்தபோது கையில் ஒரு நோட்டு இருந்தது, ஞாபகம் இருக்கிறதா அண்ணா? பம்ப் டிசைன் செய்கிற கை, கணக்குப் போடாமல் இருக்காது. இருகை வாள் எடுத்தால் இரண்டு ஆறுமுகப் பகடை, சராசரி 7. கம்பை இரண்டு கையால் பிடித்துச் சுழற்றினாலும் ஓர் எட்டுமுகப் பகடை, சராசரி நாலரை. புதிய விதியில் ஒவ்வொரு ஆயுதத்துக்கும் ஒரு தனித்திறன் உண்டு. பாலடின் இரண்டு ஆயுதங்களின் திறனை வைத்துக்கொள்ளலாம். நீள்வாள் எதிரியின் அடுத்த அடியைத் தளர்த்தும். போர்ச் சுத்தியல் பத்தடி தூரம் தள்ளும். கம்பு காலை வாரி விழவைக்கும். இருகை வாளுக்கு இருக்கிற திறன்தான் என்னை மயக்கியது: வீச்சு தவறினாலும் வெட்டும். இதோடு பழிச் சத்தியத்தைச் சேர்த்தால், குறிவைத்த ஒருவன் தப்பவே முடியாது. எல்லாவற்றையும் கூட்டிக் கழித்துக் கோடு போட்டு வைத்திருந்தேன்.

நீங்கள் நோட்டை முழுக்கப் படித்தீர்கள். "கணக்கு சரியாத்தான் இருக்குதுங்க" என்றீர்கள். பிறகு கேட்டீர்கள், "பழின்னு போட்டிருக்கீங்களே, ஆருக்காகங்க?"

என்னிடம் பதில் இல்லை. சும்மா, பலம் அதிகம் என்பதற்காக என்று சொல்ல வாய் வரவில்லை. "பரவாயில்லைங்க. சத்தியம் மூணாவது லெவல்லதான். அதுக்குள்ள யோசிங்க" என்று பகடையை என் பக்கம் தள்ளினீர்கள்.

இரண்டாவது லெவலில் ஒரு பையன் வந்தான். காட்டுப் பாதையில் வழிமறித்த கொள்ளைக் கூட்டத்தில் கடைசியாக மிஞ்சியவன். கத்தியைக் கீழே போட்டு மண்டியிட்டான் என்றீர்கள். எங்கள் கூட்டத்தில் ஒருவர் செத்துப் பிழைத்திருந்தார், எனக்கு ஆத்திரம். "வெட்டறேன்" என்றேன். "வெட்டறீங்களா?" என்று ஒரு தடவை கேட்டீர்கள். "வெட்டறேன்." பகடை உருண்டது: 4. தவறிவிட்டது. மேசையைச் சுற்றிலும் மூச்சு விட்டார்கள்.

நீங்கள் என் கேரக்டர் ஷீட்டில் விரலை வைத்தீர்கள். தவறினாலும் வெட்டும் வாள். என் பலத்துக்கு மூன்று புள்ளி. அவனிடம் மிச்சம் இருந்த உயிர்ப்புள்ளி இரண்டு. "உயிர் போகாம மயக்கத்துல விழவைக்கவும் விதி இருக்குதுங்க. என்ன செய்யறீங்க?" என்று மெதுவாகக் கேட்டீர்கள். எல்லோர் முன்னாலும் நான் சொன்னேன், "கொல்றேன்."

நீங்கள் திட்டவில்லை, தண்டனையும் தரவில்லை. "சரிங்க" என்று உங்கள் நோட்டில் ஏதோ எழுதிக்கொண்டீர்கள். கீழே பட்டறையில் யாரோ கிரைண்டரை நிறுத்தினார்கள். அந்த அமைதி இன்னும் என் காதில் இருக்கிறது. வீட்டுக்கு வண்டி ஓட்டிப் போகும்போது, இல்லாத ஒரு பையனை நினைத்து வருத்தப்பட்டேன்.

அடுத்த வாரம் எல்லோரும் கிளம்பிய பிறகு என்னை நிறுத்தினீர்கள். "உங்க அமுச்சி ஊரு காங்கயம் பக்கந்தானுங்களே? அண்ணன்மார் கதை கேட்டிருப்பீங்களே?" என்று கேட்டு, இரண்டு தடித்த புத்தகங்களை எடுத்துக் கொடுத்தீர்கள். காங்கயத்துக்குப் பக்கத்தில் ஓலப்பாளையத்தில் தங்கி ஆய்வு செய்த பிரெண்டா பெக் அம்மையார், 1965இல் ஈ.சி. ராமசாமி என்ற பாடகர் பாடப் பாட ஒலிநாடாவில் பிடித்து வைத்த கதை. மொத்தம் 38 மணி நேரம். 1992இல் சென்னை ஆசியவியல் நிறுவனம் தமிழிலும் ஆங்கிலத்திலுமாக இரண்டு பாகங்களாக வெளியிட்டது. பிறகு பெக் அம்மையார் அதை 26 பகுதிகள் கொண்ட அசைபடத் தொடராகவும் ஆக்கினார். உடுக்கை அடித்து விடியவிடியப் பாடிய அந்தப் பாடகருக்கும், கடல் கடந்து வந்து அதைக் காப்பாற்றி வைத்த அம்மையாருக்கும் சேர்த்துத்தான் இந்த மடல்.

படித்தபோது எனக்கு எல்லாம் பிடிபட்ட மாதிரி இருந்தது. அண்ணன்மார் இருவரில் பொன்னர் பொறுமைக்காரர், நெறி பிறழாதவர்: அது அர்ப்பணிப்புச் சத்தியம். சங்கர் கோபக்காரர், வாளெடுத்தால் நிற்காதவர்: அது பழிச் சத்தியம். இந்த இருவரில் ஒருவரைத் தேர்ந்தெடுத்தால் போதும் என்று நினைத்து, அந்தச் சனிக்கிழமை ஊருக்குப் போனபோது அமுச்சியிடம், என் அம்மாவின் அம்மாவிடம், கேட்டேன். முருங்கைக் கீரை உருவிக்கொண்டிருந்தவள் நிமிர்ந்தே பார்க்கவில்லை.

"ஏங்கண்ணு, வெட்டிக்கிட்டுச் செத்தவங்களையே நெனைச்சுட்டிருக்கியே. எழுப்பினவ ஆரு?"

அருக்காணித் தங்காள், அவர்களின் தங்கை. அண்ணன்கள் இருவரும் கடைசியில் தங்கள் வாளிலேயே விழுந்து உயிரை விடுகிறார்கள். காட்டில் தேடி அலைந்து, கண்டுபிடித்து, கொஞ்ச நேரமாவது உயிர் கொடுத்துப் பேசவைத்தவள் அவள். சிறுவயதில் அமுச்சி ஊர்த் திருவிழாவில், இந்தக் கதையை நடத்திக் காட்டும் படுகளம் பார்த்திருக்கிறேன். உடுக்கைச் சத்தம் ஏற ஏற, அருள் வந்த பையன்கள் ஒவ்வொருவராகக் களத்தில் சாய்வார்கள். வெள்ளைத் துணி போர்த்திவிடுவார்கள். அம்மாக்கள் அழுவது நடிப்பில்லை. பிறகு தங்காளாக ஒரு பெண்ணை அழைத்து வருவார்கள். அவள் தண்ணீர் தெளித்துக்கொண்டே வரிசையாக நடப்பாள். ஒரு கால் அசையும். ஒரு கை துணியை விலக்கும். என் மாமன் மகன் அப்படி எழுந்து உட்கார்ந்து, யாரையும் அடையாளம் தெரியாதவன்போல விழித்தது எனக்கு இப்போதும் கண்ணுக்குள் நிற்கிறது.

இத்தனை பார்த்து வளர்ந்தவள், வீரம் என்றதும் வாளை மட்டும் எண்ணி நோட்டில் எழுதியிருக்கிறேன். பாலடினின் முதல் லெவலிலேயே கையால் தொட்டுக் காயம் ஆற்றும் வரம் இருக்கிறது. ஒரு லெவலுக்கு ஐந்து புள்ளி. என் கணக்கில் அது ஓர் ஓரத்தில்கூட இல்லை.

மூன்றாவது லெவலில் தொன்மைச் சத்தியத்தை எடுத்தேன். உயிரையும் ஒளியையும் காப்பதுதான் அதன் சாரம். அது தரும் வரங்களைப் படித்தபோது சிலிர்த்தது. ஆளைக் கொல்லாமல் கட்டிப்போடும் கொடிகள். விலங்குகளோடு பேசும் மந்திரம். வீரமலைக் காட்டில் கொம்பன் என்ற பன்றியைச் சாய்க்க முடியாமல் அண்ணன்மார் திணறியபோது, சின்னஞ்சிறு நாய் பொன்னாச்சி அல்லவா வந்து வழிசெய்தது? வேண்டாம் என்று முதலில் விட்டுவிட்டுப் போன நாய்.

வாளையும் மாற்றினேன். பள்ளியில் இரண்டு வருடம் சிலம்பம் சுற்றியவள் நான். ஆசான் என்னை நேராக நிற்கவைத்து, புருவ மத்திக்கு அளந்து கம்பை வெட்டிக் கொடுத்தது நினைவுக்கு வந்தது. கையேட்டில் இருகை வாளின் விலை 50 பொற்காசு. கம்பின் விலை இரண்டு வெள்ளிக்காசு. ஒரு வாள் விலைக்கு 250 கம்பு வாங்கலாம். ஆனால் விழவைத்துவிட்டு, "இப்ப என்ன செய்யலாம்?" என்று யோசிக்க நேரம் தருவது கம்புதான்.

ஆயுதத் திறனை மாற்ற விதிப்படி ஒரு முழு இரவு ஓய்வு போதும். தூங்கி எழுந்தால் வேறு ஆயுதம். சத்தியத்துக்கு அந்த வசதி கிடையாது. நாங்கள் எல்லோரும் ஆயுதத்துக்கு ஒரு மாதம் மண்டையை உடைத்துக்கொண்டு, சத்தியத்தை ஒரு நிமிடத்தில் தேர்ந்தெடுக்கிறோம். நீங்கள் அதை எனக்குத் திருப்பிப் போட்டுக் கொடுத்தீர்கள் அண்ணா. அதற்குத்தான் இந்த நன்றி.

இரண்டு மாதம் கழித்து அந்தப் பையனின் அக்காவைக் கொண்டுவந்தீர்கள். அவளும் ஒரு பாலடின். அவள் எடுத்திருந்தது பழிச் சத்தியம். யாருக்காக என்று கேட்டால் அவளிடம் பதில் இருந்தது. அவனுக்கு நீங்கள் ஒரு பெயர் வைத்திருந்தீர்கள். அன்றைக்குத்தான் அதைச் சொன்னீர்கள். அவள் வெட்டியதில் எனக்கு மிஞ்சியது ஆறு புள்ளி. கம்பைச் சுழற்றினேன், பட்டது. நிலைதடுமாறாமல் இருக்க அவளுக்கு 13 வேண்டும். பித்தளைப் பகடையில் 9 விழுந்தது. சாய்ந்தாள். அடுத்த முறை என் கைக்கு வந்தபோது, என்னிடமிருந்த 15 புள்ளியையும் அவள் காயத்தில் கொட்டி, அவன் பெயரைச் சொல்லி மன்னிப்புக் கேட்டேன். நீங்கள் ரொம்ப நேரம் பேசவில்லை. பிறகு, "அவ வாளக் கீழ வெச்சுட்டாங்க" என்றீர்கள்.

மேசையில் கற்றது மேசையோடு நிற்கவில்லை. வேலையிடத்தில் புதிதாக வந்த பையன் ஒருவன் அளவைத் தப்பாகப் போட்டு, பாகங்கள் வீணாகிவிட்டன. முன்பெல்லாம் என் வாயே அந்த இருகை வாள்தான்; குறி தவறினாலும் வெட்டிவிடும். அன்றைக்கு அவனை உட்காரவைத்து வரைபடத்தைத் திரும்ப ஒரு தடவை வாசிக்கச் சொன்னேன். தப்பை அவனே கண்டுபிடித்தான். இப்போது என் அணியில் அளவு சரிபார்ப்பது அவன்தான்.

இதைப் படிக்கிறவர்களுக்கும் ஒரு வார்த்தை. கதை மேசையோ, சிலம்பக் களமோ, வேலையிடமோ, புதிதாக வருகிற பிள்ளையிடம் எத்தனை பலம் என்று கேட்பதற்கு முன்னால், ஆருக்காக என்று கேளுங்கள். உடனே பதில் வராது. காத்திருங்கள், எங்கள் அண்ணா காத்திருந்த மாதிரி.

அண்ணா, வருகிற மாசியில் அமுச்சி ஊரில் படுகளம். மேசைக்காரர்கள் ஆறு பேரும் நீங்களும் வர வேண்டும். ராத்திரித் தங்கலுக்கு வாசலில் கயிற்றுக் கட்டில் இருக்கிறது, சோறு அமுச்சி ஆக்கிவிடுவாள். தங்காள் தண்ணீர் தெளித்துக்கொண்டு வரும்போது முன்வரிசையில் நிற்கலாம், உங்களுக்கு நான் இடம் பிடித்து வைக்கிறேன்.


உங்கள் மேசையின் பாலடின்