மூக்கறியா நஞ்சு

மன்னார்த் தீவில் வாழ்பவரிடம், "உங்கள் ஊரில் மிகுதியாகக் கிடைப்பது யாது?" என்று வினவினால், "காற்று" என்றே விடை வரும். வாடையும் கொண்டலும் ஒரு பருவம். சோளகமும் கச்சானும் மற்றொரு பருவம். ஆண்டு முழுவதும் ஏதேனும் ஒரு காற்று நம் பனைமரங்களை அசைத்துக்கொண்டே இருக்கும். கொழும்பிலிருந்து விடுமுறைக்கு வரும் உறவினர் புகையிரதத்தை விட்டு இறங்கியதும் நெஞ்சு நிறைய மூச்சிழுத்து, "இதுவன்றோ காற்று!" என்று மகிழ்வர். அவர்களே பேசாலையில் கருவாடு காயும் கரையோரமாக நடக்கும்போது கைக்குட்டையால் மூக்கைப் பொத்திக்கொண்டு, "இந்தக் காற்றைச் சுவாசித்தால் நோய் வராதோ?" என்று அஞ்சுவதையும் நாம் கண்டிருக்கின்றோம்.

புகழ்ந்ததும் மூக்கு, பழித்ததும் மூக்கு. நறுமணம் நலம் தரும், நாற்றம் நோய் தரும் என்று தீர்ப்பளிக்க அதற்கு எவ்வளவு தகுதி உண்டு? இக்கேள்வியைக் கேட்டுப் பார்ப்பதற்கு நம் மன்னார்க் கரையைவிடப் பொருத்தமான இடம் வேறில்லை எனலாம்.

அரிப்புக் கடற்கரையில் ஒரு பாழடைந்த கட்டடம் நிற்கின்றது. ஊரார் அதனை அல்லிராணிக் கோட்டை என்பர். உண்மையில் அது பிரித்தானியத் தேசாதிபதி பிரெடெரிக் நோர்த் என்பார் 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் முத்துக்குளிப்பை மேற்பார்வை செய்யத் தங்குவதற்காகக் கட்டிய மாளிகை. கடலரிப்பினால் அதன் சுவர்கள் சிறிது சிறிதாகச் சரிந்து வருகின்றன. சில ஆண்டுகளுக்கு முன் நம் வீட்டுப் பிள்ளைகளை அழைத்துக்கொண்டு நாம் அங்கு சென்றிருந்தோம். பிள்ளைகள் இராணியின் கதையைக் கேட்டார்கள். நமக்கோ அக்கரையில் ஒருகாலம் வீசிய நாற்றத்தின் கதையே நினைவுக்கு வந்தது.

அரிப்பு, சிலாபத்துறை, மறிச்சுக்கட்டி ஆகிய இடங்களுக்கு எதிரே கடலினடியில் முத்துச்சிப்பிப் பார்கள் உள்ளன. முத்துக்குளிப்பு நடைபெற்ற ஆண்டுகளில், மாசி, பங்குனி, சித்திரை மாதங்களில், ஆளில்லாத அம்மணற்கரையில் திடீரென ஒரு நகரமே எழும். கீழக்கரையிலிருந்தும் தூத்துக்குடியிலிருந்தும் அரபு நாடுகளிலிருந்தும் முக்குளிப்போர் வருவர், வணிகர் வருவர், பின்னாளில் பேர்பெற்ற எழுத்தாளரான லெனாட் வுல்ஃப் என்னும் ஆங்கிலேய அதிகாரியும் 1906இல் மறிச்சுக்கட்டி முகாமில் பணியாற்றியவரே. குளித்தெடுத்த சிப்பிகள் கோடிக்கணக்கில் கரையில் குவியும். அவற்றை ஒவ்வொன்றாகக் கத்தியால் பிளந்து முத்துத் தேடுவதாயின் நாள் போதாது; கடுகளவான முத்துகள் தசையோடு போய்விடவும் கூடும். ஆகவே சிப்பிகளை வேலியடைத்த கொட்டுகளில் கொட்டி, ஒரு வாரமளவில் வெயிலில் அழுகவிடுவார்கள். தசை கரைந்து புழுத்தபின் நீர்விட்டுக் கழுவினால் முத்துகள் அடியில் தங்கும். அந்த ஒரு வாரமும் எழுந்த நாற்றம் கரையிலிருந்து நெடுந்தூரம் சென்றதாம்.

இத்தகைய முகாம்களில் வாந்திபேதியும் பரவியதுண்டு. நாற்றமே கொள்ளைநோயைக் கொண்டுவந்தது என்று மக்கள் நம்பியதில் வியப்பில்லை. ஐரோப்பிய மருத்துவர்களும் நெடுங்காலம் அவ்வாறே எண்ணினர். 'மலேரியா' என்ற சொல்லுக்கு இத்தாலிய மொழியில் 'கெட்ட காற்று' என்பதே பொருள். 1883, 1884ஆம் ஆண்டுகளில் றொபேட் கொக் என்னும் ஜேர்மானிய மருத்துவ அறிஞர் எகிப்திலும் கல்கத்தாவிலும் ஆராய்ந்து, வாந்திபேதிக்குக் காரணம் ஒரு கிருமியே என நிறுவினார். அது மாசுபட்ட நீரினால் பரவுவது. மறிச்சுக்கட்டியில் மூக்கைப் பொத்தியவர், அழுக்கடைந்த நீரை அச்சமின்றிப் பருகினார். காவலாளி ஒரு வாயிலில் கூச்சலிட, கள்வன் மறு வாயிலால் நுழைந்த கதை இது.

அவ்வாறாயின் அந்த நாற்றம் யாது? மாணவர்கள் அறிந்துகொள்ள வேண்டியது இது. உயிர்களின் தசையிலுள்ள புரதங்களிற் சில கந்தகத்தைக் கொண்டவை. தசை அழுகும்போது பற்றீரியாக்கள் அப்புரதங்களைச் சிதைக்கின்றன. கந்தகம் ஐதரசனோடு சேர்ந்து ஐதரசன் சல்பைட்டு என்னும் வாயுவாக வெளியேறுகின்றது. கூழ்முட்டையின் நாற்றமும் இதுவே. நைதரசன் சேர்ந்த பகுதிகளிலிருந்து அமோனியாவும் அதன் உறவான அமைன்களும் பிறக்கின்றன. கருவாட்டின் வாசனையில் இந்த அமைன்களுக்குப் பெரும் பங்குண்டு. வெள்ளிக் கொலுசு நாளடைவில் கறுப்பதும் காற்றிலுள்ள கந்தக வாயுக்களின் வேலையே. வெள்ளியோடு கந்தகம் கூடிக் கரிய வெள்ளிச் சல்பைட்டாகின்றது.

ஐதரசன் சல்பைட்டு உண்மையில் நஞ்சுதான். ஆனால் காற்றின் பத்து இலட்சம் பங்கில் ஒரு பங்குக்கு மிகக் குறைவாக இருக்கும்போதே நம் மூக்கு அதனைக் கண்டுகொள்ளும். திறந்த கடற்கரையில் வீசும் காற்று அதனை உயிர்கொல்லும் அளவுக்குத் திரளவிடாது. அங்கே தலைவலியும் குமட்டலும் வரலாம்; அவ்வளவே. மூடிய இடத்திலோ நிலைமை வேறு. பாழ்ங்கிணறு, மலக்குழி, மீன்கழிவு தேங்கிய தொட்டி ஆகியவற்றில் இவ்வாயு அடர்ந்து நிற்கும். பத்து இலட்சத்தில் 100 பங்கை எட்டும்போது, சில நிமிடங்களில் மூக்கின் உணர்வே மரத்துப்போகின்றது. நாற்றம் நீங்கிவிட்டது, இனி அச்சமில்லை என்று இறங்குகின்றவன் மீள்வதில்லை. அவனைத் தூக்கப் பதறி இறங்கும் தம்பியும் மீள்வதில்லை. இத்தகைய செய்திகளை நம் நாட்டிலும் தமிழகத்திலும் நாம் எத்தனை முறை படித்திருக்கின்றோம்!

மூக்குக்கு இவ்வாறு ஒரு குறை. அதனினும் பெரிய குறை மற்றொன்று. சில வாயுக்களை அது அறிவதே இல்லை. அவற்றுள் முதன்மையானது காபனோரொட்சைட்டு. நிறமில்லை, மணமில்லை, சுவையில்லை. விறகோ கரியோ எண்ணெயோ போதிய ஒட்சிசனின்றி அரைகுறையாக எரியும்போது அது உண்டாகின்றது. நுரையீரல் வழியாகக் குருதியிற் புகுந்து ஈமோகுளோபினைப் பற்றிக்கொள்கின்றது. ஒட்சிசனைவிட 200 மடங்குக்கு மேலான வலிமையுடன் பற்றுவதால், ஒட்சிசன் அமர வேண்டிய ஆசனங்களை இது பிடித்துக்கொள்கின்றது. முதலில் தலைவலி, பின் மயக்கம், சோர்வு, உறக்கம். உறங்குபவர் உறங்கியபடியே உயிர்விடுவதும் உண்டு. தப்பியவர் நல்ல காற்றுக்கு வந்த பின்னரும், குருதியில் ஏறிய நஞ்சில் பாதி நீங்க நான்கைந்து மணிநேரம் செல்லும்.

இவ்வாயுவைத் தேடி நாம் தொழிற்சாலைக்குச் செல்ல வேண்டியதில்லை. நம் வீட்டுக் குசினிக்குச் சென்றால் போதும். காவோலை, பன்னாடை, ஊமல், சிரட்டை, பொச்சுமட்டை என்று பனையும் தென்னையும் தரும் விறகுக்கு நம் தீவில் குறைவில்லை. மாரிகாலத்தில் அவை நனைந்திருக்கும். ஈரவிறகு எரிவதில்லை, புகைகின்றது. மழைச்சாரலுக்கு அஞ்சிச் சாளரத்தை அடைப்போம். ஊதுகுழலால் ஊதி ஊதிச் சமைப்பவர் அடுப்பிலிருந்து ஒரு முழத் தூரத்தில் தம் முகத்தை வைத்திருப்பார். இடுப்பிலோ மடியிலோ ஒரு குழந்தை இருக்கும். கண் எரிவதைப் பற்றி முறையிடுவோமேயன்றி, கண்ணையும் மூக்கையும் எரிக்காத வாயுவைப் பற்றி நாம் எண்ணுவதில்லை.

நம் அம்மம்மா அவ்வாறு அடுப்பின் முன் ஐம்பது ஆண்டுகளுக்கு மேல் அமர்ந்தவர். இறுதிக் காலத்தில் அவருக்கு ஓயாத இருமல். பத்தடி நடந்தால் இழுப்பு. மருத்துவரிடம் கொண்டு சென்றபோது, நெஞ்சைச் சோதித்த அவர், "அம்மா சுருட்டுப் பிடிப்பவரோ?" என்று கேட்டார். அம்மம்மாவுக்குக் கோபம் வந்துவிட்டது. வாழ்நாளில் சுருட்டைத் தொட்டறியாதவர் அவர். மருத்துவர் சிரிக்கவில்லை. "அப்படியானால் எத்தனை ஆண்டு விறகடுப்பில் சமைத்தீர்கள்?" என்று அடுத்த கேள்வியைக் கேட்டார். அன்றுதான் வீட்டில் உள்ளோர் அனைவரும் அந்த அடுப்பை ஒரு புதிய கண்ணால் பார்த்தோம். அவர் உண்ணத் தந்த ஒவ்வொரு பிடி சோற்றுக்கும் அவருடைய மூச்சிலிருந்து ஒரு பங்கு கொடுக்கப்பட்டிருந்தது. அம்மம்மாவோ, "எங்கள் காலத்தில் எல்லோருந்தான் சமைத்தோம்" என்று கூறிப் பேச்சை முடித்துவிட்டார்.

எல்லோருந்தான் சமைத்தார்கள், எல்லோருந்தான் இருமினார்கள். வீட்டினுள் எழும் புகையினால் 2020ஆம் ஆண்டில் உலகெங்கும் ஏறத்தாழ 32 இலட்சம் பேர் இறந்ததாக உலக சுகாதார நிறுவனம் மதிப்பிட்டுள்ளது. அவர்களுள் 2,37,000க்கு மேற்பட்டோர் ஐந்து வயதை எட்டாத குழந்தைகள். குழந்தை தன் எடைக்கு ஏற்ற அளவில் பெரியவரைவிட மிகுதியான காற்றை உள்ளிழுக்கின்றது என்பது ஈண்டு நினைவிற் கொள்ளத்தக்கது.

புகையில் நுண்துகள்களும் வேறு வாயுக்களும் உண்டு. பெருஞ்சூட்டில் நைதரசனும் ஒட்சிசனும் கூடுவதால் நைதரசனீரொட்சைட்டு உண்டாகும். அது நீரில் எளிதிற் கரையாததால் தொண்டையில் தங்காமல் நுரையீரலின் ஆழம்வரை சென்று, தொய்வு நோயாளரை வருத்தும். 'காஸ்' அடுப்பின் நீலச் சுவாலையிலும் இது பிறக்கின்றது. நிலக்கரியும் எண்ணெயும் எரியும்போது அவற்றிலுள்ள கந்தகம் கந்தகவீரொட்சைட்டு ஆகின்றது. இது சுவாசக் குழாயின் ஈரத்திற் கரைந்து அமிலமாகி, குழாயைச் சுருங்கச் செய்யும். 1952 டிசம்பர் 5 முதல் 9 வரை இலண்டன் மாநகரைக் கவிந்த புகைப்பனியில் இவ்வாயுவும் நிலக்கரிப் புகையும் கலந்திருந்தன. ஏறத்தாழ 4,000 பேர் அதனால் இறந்தனரென அக்காலத்திற் கணித்தனர். பிற்கால ஆய்வுகள் அதனினும் மிகுதியாகக் கூறுகின்றன.

அது எங்கோ நடந்தது என்றும் இருந்துவிட முடியாது. கந்தகவீரொட்சைட்டு காற்றிற் செல்லும்போதே நுண்ணிய சல்பேற்றுத் துகள்களாக மாறி, கடல் கடந்தும் செல்லவல்லது. 2022 டிசம்பரில், மண்டூஸ் புயல் வங்கக் கடலில் இருந்த வேளையில், இந்தியப் பெருநிலத்தின் மாசுகளைச் சுமந்த காற்று இலங்கையின் மீது இறங்கியது. வடபகுதி வானம் மங்கியது. டிசம்பர் 9ஆந் தேதி நாட்டின் அரசாங்கப் பாடசாலைகள் மூடப்பட்டன. நம் பெருமைக்குரிய வாடைக் காற்றே அன்று மாசைக் கொண்டுவந்தது. காற்றுக்கு எல்லைக்கோடு ஏது?

இங்கே ஒரு விந்தையையும் சொல்லல் வேண்டும். சமையல் 'காஸ்' தன்னளவில் ஏறத்தாழ மணமற்றது. கசிந்தால் நாம் அறியவேண்டும் என்பதற்காகவே, 'எதைல் மேக்கப்டன்' என்னும் கந்தகச் சேர்மத்தைச் சிறிதளவு அதிற் கலக்கின்றனர். அழுகிய சிப்பியின் நாற்றத்துக்கு இது நெருங்கிய உறவு. மறிச்சுக்கட்டியில் எல்லோரும் வெறுத்தோடிய அந்தக் குடும்பத்து நாற்றத்தையே விஞ்ஞானிகள் அழைத்து வந்து நம் வீட்டுக்குக் காவல் வைத்துள்ளனர். ஆனால் அடுப்பிலிருந்து எழும் காபனோரொட்சைட்டுக்கு அப்படியொரு காவலன் இல்லை. 2022இல் நாட்டின் பொருளாதார நெருக்கடியால் 'காஸ்' கிடைக்காது வரிசையில் நின்று களைத்த குடும்பங்கள் பல, மீண்டும் விறகடுப்புக்குத் திரும்பின. அன்று திரும்பியவர்களுள் இன்றும் அதிலேயே சமைப்போர் உளர். அவர்களைக் குறை கூறுவது நம் நோக்கமன்று. வறுமை விரும்பி ஏற்பது அன்று. ஆயினும் அதிகச் செலவின்றிச் செய்யக்கூடியவை சில உண்டு.

விறகை மாரிக்கு முன்பே வெட்டி உலர்த்திக் கூரையின்கீழ் அடுக்கி வைத்தல் முதலாவது. அடுப்புக்கு மேலே புகைபோக்கி அமைத்தல், இயலாதாயின் எதிரெதிரே இரு சாளரங்களையேனும் திறந்து வைத்தல் இரண்டாவது. மழையற்ற நாட்களில் முற்றத்து அடுப்பிற் சமைப்பது நல்லது. 'காஸ்' அடுப்பு எரியும்போதும் சாளரம் திறந்திருக்க வேண்டும். சமைக்கும் வேளையில் குழந்தையை வேறொருவர் வாங்கிக்கொள்ளலாம். ஆண்மக்களுக்கு இது கடினமான வேலையன்று. பிள்ளைப்பேற்று வீட்டில் தாயும் சேயும் படுத்திருக்கும் அறையை அடைத்து, உள்ளே தணற்சட்டி வைக்கும் வழக்கத்தை அறவே விட்டுவிடல் வேண்டும். மின்பிறப்பாக்கியை வீட்டினுள்ளோ, நீரிறைக்கும் இயந்திரத்தைக் கிணற்றினுள்ளோ வைத்து இயக்குதல் ஆகாது. வீட்டில் பலருக்கு ஒரே வேளையில் தலைவலியும் மயக்கமும் ஏற்பட்டால், உணவை ஐயுறுமுன் அனைவரும் வெளியே வந்து, தாமதமின்றி மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும். கிணற்றினுள் ஒருவர் மயங்கி விழுந்தால், உரிய கருவியின்றி அடுத்தவர் இறங்குதல் கூடாது.

மூக்கைப் பழிப்பதற்காக இவ்வளவும் கூறினோமல்லோம். அது தனக்குத் தெரிந்ததைக் கூறுகின்றது. தெரியாததை நாம் கல்வியால் அறிந்துகொள்ள வேண்டும். பேசாலைக் கரையின் கருவாட்டு வாசனை யாருடைய நுரையீரலையும் அரித்ததில்லை. அதனை முகர்ந்து முகஞ்சுளிப்பவர், வீடு திரும்பியதும் தம் குசினிக் கூரையை ஒருமுறை அண்ணாந்து பார்ப்பாராக. அங்கே கறுத்துத் தொங்கும் ஒட்டறை, அடுப்பின் முன் அமர்ந்தவரின் நெஞ்சுக்குள்ளும் படிந்துகொண்டிருக்கக் கூடும். வெளியே சோளகம் வீணே வீசுகின்றது. சாளரத்தைத் திறந்தால் அது உள்ளே வரும்.