முகம் ஏன் சிவக்கிறது?

பதிவு கொஞ்சம் நீளம். பொறுத்துக்கொள்ளுங்கள்.

1988 என்று ஞாபகம். எட்டாம் வகுப்பில் இரத்த ஓட்டப் பாடம். "இதயம் மோட்டார், இரத்தக் குழாய் நம்ம பம்புசெட் ரப்பர் குழாய்" என்று கரும்பலகையில் படம் போட்டேன். கடைசி பெஞ்சுப் பையன் ஒருவன் எழுந்தான். "சார், கோபம் வந்தா உங்க முகம் செவந்துடுதே, அப்ப மட்டும் குழாய் பெரிசாயிடுமா?" வகுப்பே சிரித்தது. கிண்டல் என்று நினைத்து அவனை வெளியே நிற்க வைத்தேன். உண்மையில் எனக்குப் பதில் தெரியாது.

போன வருடம் என் துணைவியாருக்கு நெஞ்சுவலி. டாக்டர் நாக்குக்கு அடியில் ஒரு சின்ன மாத்திரை வைத்தார். சில நிமிடங்களில் வலி இறங்கியது. வீட்டுக்கு வந்ததும், "நீங்க சயின்ஸ் வாத்தியார்தானே, இத்தனூண்டு மாத்திரை உள்ள போய் என்ன பண்ணுச்சு?" என்றார். மறுபடியும் தெரியவில்லை. இந்த முறை யாரையும் வெளியே நிற்க வைக்க முடியாதே! தேடிப் படித்தேன்.

நியூயார்க் புரூக்ளினில் ராபர்ட் ஃபர்ச்காட் என்றொரு ஆய்வாளர். முயலின் பெருந்தமனியைப் பட்டையாக வெட்டி அசிடைல்கோலின் விட்டால் சுருங்கும் என்பதே அவர் பல ஆண்டுகளாகக் கண்டது. 1978இல் உதவியாளர் சோதனையின் படிகளை மாற்றிச் செய்துவிட, அதே வகை மருந்துக்குக் குழாய் தளர்ந்தது. தவறு என்று ஒதுக்காமல் காரணம் தேடினார். பட்டை தயாரிக்கையில் உரசி, குழாயின் உட்படலம் இத்தனை காலமும் தேய்ந்து போயிருக்கிறது! ஒரே ஒரு செல் கனமுள்ள அந்தப் படலம்தான் தசைக்குத் தளரும்படி சேதி அனுப்புகிறது. படலம் போன பட்டையோடு படலம் உள்ள பட்டையை ஒட்டி வைத்தார். அதுவும் தளர்ந்தது. சேதி, நைட்ரிக் ஆக்சைடு என்ற வாயு. 1998இல் நோபல் பரிசு பெற்றபோது அவருக்கு வயது 82. (நான் 58இல் எல்லாம் முடிந்தது என்று உட்கார்ந்துவிட்டேன்!)

அந்த மாத்திரையும் இந்த வாயுவைத்தான் தருகிறது. அந்த வகையில் மூத்த மருந்து நைட்ரோகிளிசரின். ஆல்ஃபிரட் நோபல் டைனமைட் செய்த அதே பொருள்தான். அதை உடைக்கும் நொதி செல்லின் மைட்டோகாண்டிரியாவில் இருக்கிறது என்று 2002இல் டியூக் பல்கலைக்கழகத்தார் காட்டினார்கள். மைட்டோகாண்டிரியா என்றால் "செல்லின் ஆற்றல் நிலையம்", இரண்டு மதிப்பெண். அதற்கு மேல் நான் சொல்லிக் கொடுத்ததே இல்லை.

தம்பி, உனக்கும் இப்போது ஐம்பது ஆகியிருக்கும். ஆமாம், முகம் சிவக்கும்போது தோலுக்கு அடியில் உள்ள குழாய்கள் பெரிதாகத்தான் ஆகின்றன. நீ கேட்டது சரியான கேள்வி. எந்த ஊரில் இருக்கிறாய் என்று தெரியவில்லை. உன் வகுப்புத் தோழர்கள் யாராவது இதைப் படித்தால் அவனிடம் சொல்லுங்கள், சார் போன் பண்ணச் சொன்னார் என்று.