எது நழுவுகிறது?

பெங்களூரின் ஜே.சி. சாலையிலும் அதையொட்டிய கலாசிபாளையத்துச் சந்துகளிலும் வண்டிப் பழுது பேசுவோர் மூன்று மொழிகளில் ஒரே சொல்லைச் சொல்கின்றனர். தமிழர் ‘ஸ்லிப் ஆகுது’ என்பர். கன்னடர் ‘ஸ்லிப் ஆகுத்தெ’ என்பர். தக்கினி உருது பேசுவோர் ‘ஸ்லிப் ஹோரா’ என்பர். ஓர் ஆங்கிலச் சொல். அதைத் தாங்கிச் செல்ல அந்தந்த மொழியின் ஒரு துணைவினை. கடன்சொல் ஏற்பைப் பற்றி வகுப்பில் சொல்ல இதைவிட எளிய எடுத்துக்காட்டு கிடைக்காது. ஆனால் ‘ஆகு’ என்னும் வினைக்குச் செய்பவர் தேவையில்லை. ‘வண்டி ஸ்லிப் ஆகுது’ என்றால் எழுவாய் முழு வண்டியே. எந்த உறுப்பு, எதன்மீது, எப்போது என்பவை சொல்லப்படாமலே வாக்கியம் முற்றுப்பெற்றுவிடுகிறது. தானியங்கி கியர்பாக்ஸைப் பழுதுபார்ப்பவர்க்கு இந்த அரைகுறை வாக்கியமே முதல் சான்று.

அச்சந்துகளில் ஒன்றிலுள்ள பணிமனைக்கு, நாற்சக்கர இயக்கமும் தானியங்கி கியர்பாக்ஸும் கொண்ட, கரடுமுரடான பாதைகளுக்கென அமைந்த வண்டி ஒன்று வந்தது. தயாரித்த நிறுவனத்தின் பெயர் இங்கே தேவையில்லை. இக்கோளாறு எந்த நிறுவனத்தின் வண்டிக்கும் வரும். உரிமையாளர் மென்பொருள் துறையினர்; வார இறுதிகளில் இராமநகரப் பக்கத்துப் பாறை மேடுகளில் வண்டியை ஏற்றுபவர். “ண்ணா, மேடு ஏறும்போது வண்டி ஸ்லிப் ஆகுது” என்றார். சமதரையில் ஒரு குறையுமில்லை. செங்குத்தான மேட்டில் மட்டும் என்ஜின் இரைகிறது, வண்டி நகர மறுக்கிறது, ஓரிரு நொடி கழித்து வெடுக்கென்று பிடித்துக்கொள்கிறது. கியர்பாக்ஸைப் பிரித்துக் கிளட்ச் பிளேட்டுகளை மாற்றியே ஆகவேண்டும், செலவு லட்சத்தைத் தாண்டும் என்று அவர் முன்பே முடிவுகட்டியிருந்தார். மூத்த மெக்கானிக் பானட்டைத் திறக்கவில்லை. “எது ஸ்லிப் ஆகுது சார்? டயரா, கியரா?” என்று மட்டும் கேட்டார்.

ஆங்கிலத்தின் ‘ஸ்லிப்’ ஒரே மூட்டையாகக் கட்டிவைத்திருப்பதைத் தமிழ் தனித்தனியே வைத்திருக்கிறது. சேற்றில் கால் வழுக்கும். சரிவில் உடல் சறுக்கும். பிடித்த கையிலிருந்து பாத்திரம் நழுவும். பேச்சில் இவை ஒன்றன் இடத்தில் மற்றொன்று வருவதுண்டு; ஆயினும் நடுப்பொருள் வேறுவேறு. வண்டிக்கும் அப்படியே. ஈர மண்ணில் டயர் வழுக்குகிறது. பிரேக்கை விட்டதும் வண்டி பின்னோக்கிச் சறுக்குகிறது. கியர்பாக்ஸினுள் ஒன்றையொன்று இறுகப் பற்றவேண்டிய கிளட்ச் பிளேட்டுகள் நழுவுகின்றன. மூன்றிலும் ஓட்டுநர் காதில் விழுவது என்ஜினின் இரைச்சல் ஒன்றே. பணிமனைகளில் இம்மூன்று வினைகளும் புழக்கத்தில் இல்லை என்பது வருந்தத்தக்கது. இருந்திருந்தால் மெக்கானிக்கின் முதல் கேள்விக்கு அவசியமே இருந்திராது.

முதல் பிரிவினைக்குக் கருவி எதுவும் வேண்டியதில்லை. ஓட்டுநர் கண்முன் இருக்கும் இரண்டு முட்களே போதும். என்ஜினின் ஆர்பிஎம் ஏறும்போது வேகமானியின் முள்ளும் உடன் ஏறி, வண்டி மட்டும் நின்ற இடத்தில் நின்றால் வழுக்குவது டயர்; ஏனெனில் வேகமானி அறிவது சக்கரம் அல்லது கியர்பாக்ஸின் வெளித்தண்டு சுழலும் வேகத்தையே. ஆர்பிஎம் ஏறியும் வேகமானி அசையாதிருந்தால் சக்தி சக்கரத்தை எட்டவேயில்லை. இழப்பு கியர்பாக்ஸினுள் அல்லது அதற்கு அடுத்த டிரான்ஸ்பர் கேஸில். உரிமையாளர் சிறிது யோசித்து, “ஸ்பீடோ முள் ஏறலண்ணா” என்றார். ஆர்பிஎம்மே ஏறாமல் வண்டி திணறுவது இன்னொரு வகை. அது என்ஜினின் தளர்ச்சி. பெங்களூரே கடல்மட்டத்திலிருந்து ஏறத்தாழ 900 மீட்டர் உயரத்தில் இருக்கிறது; நந்திமலையின் உச்சி 1478 மீட்டர். டர்போ இல்லாத என்ஜின் அங்கே சற்றுத் தளர்வது இயல்பு. அதையும் சிலர் ‘ஸ்லிப்’ என்றே சொல்லி வருவர்.

இங்கே ஒரு சிக்கல் உண்டு. தானியங்கி கியர்பாக்ஸில் நழுவலே கூடாது என்பதில்லை. என்ஜினுக்கும் கியர்களுக்கும் நடுவே இருக்கும் டார்க் கன்வெர்ட்டர் நழுவுவதற்கென்றே படைக்கப்பட்டது. 1905-இல் ஜெர்மானியப் பொறியாளர் ஹெர்மன் ஃபோட்டிங்கர் கப்பல்களுக்காக இக்கருத்தை உருவாக்கினார்: ஒரு விசிறி எண்ணெயைத் தள்ளுகிறது, எதிரேயுள்ள மற்றொரு விசிறி அந்த எண்ணெயின் உந்தலால் சுழல்கிறது, இரண்டுக்கும் தொடர்பே இல்லை. வண்டி நிற்கும்போது என்ஜின் அணைந்துபோகாதிருப்பது இந்த நழுவலால்தான். மேடேறத் தொடங்கும்போது முறுக்குவிசை ஏறக்குறைய இரு மடங்காவதும் இதனால்தான். இலக்கணம் பயின்றோர்க்கு இந்நிலை பழக்கமானது. நன்னூல் வழுக்களை ஏழாக வகுத்துவிட்டு, தக்க காரணம் இருப்பின் அவ்வழுவையே வழுவமைதியாக ஏற்கிறது. கன்வெர்ட்டரின் நழுவல் வழுவமைதி. கிளட்ச் பிளேட்டின் நழுவல் வழு. காதால் மட்டும் கேட்டு இரண்டையும் பிரிப்பது அனுபவசாலிக்கும் கடினம்.

அதற்குத்தான் ஸ்கேனர். கியர்பாக்ஸினுள் உட்தண்டின் சுழற்சியை அளக்க ஓர் உணரி, வெளித்தண்டுக்கு ஓர் உணரி. கியரின் விகிதம் 3.5 என்றும் வெளித்தண்டு நிமிடத்துக்கு 400 சுற்று என்றும் கொண்டால், உட்தண்டு சரியாக 1400 காட்டவேண்டும். 1700 காட்டினால் அந்த 300 சுற்று கிளட்சில் தொலைந்தது என்று பொருள். என்ஜினுக்கும் உட்தண்டுக்கும் உள்ள வேறுபாடோ கன்வெர்ட்டரின் கணக்கு, அது தனி. வேறுபாடு நீடித்தால் கணினி ‘பி 0730’ போன்ற பிழைக்குறியைப் பதிவுசெய்யும். நொடிப்பொழுது நழுவல் சில வேளை பதிவாவதில்லை. இந்த வண்டியிலும் குறி எதுவும் இல்லை. குறி இல்லையென்றால் கோளாறில்லை என்று அனுப்பிவிடும் பணிமனைகள் பல.

மெக்கானிக்கின் அடுத்த கேள்வியே வழக்கைத் திறந்தது. “அதே மேட்ட ரிவர்ஸ்ல ஏறினீங்களா சார்?” ஒருமுறை வழி தவறியபோது ஏறியதாகவும், அப்போது ஒன்றும் நேரவில்லை என்றும் உரிமையாளர் நினைவுகூர்ந்தார்.

முன்நோக்கி ஏறினால் நழுவல், பின்நோக்கி ஏறினால் இல்லை. பிளேட் தேய்ந்திருந்தால் இப்படித் திசை பார்த்து நழுவுவது அரிது. ஆனால் ரிவர்ஸுக்கு வேறு கிளட்ச் தொகுதி பங்கேற்பதால் இதை மட்டும் வைத்துத் தீர்ப்பெழுதவும் முடியாது. திசையை உணரும் மற்றொரு பொருள் எண்ணெய். கியர்பாக்ஸின் அடித்தட்டில் தேங்கிநிற்கும் எண்ணெயைப் பம்ப் உறிஞ்சி, அந்த அழுத்தத்தால்தான் பிளேட்டுகளை இறுக்குகிறது. வண்டி எவ்வளவு சாய்ந்தாலும் எண்ணெயின் மேற்பரப்பு கிடைமட்டமாகவே நிற்கும். ஐந்துக்கு ஒன்று என்ற சரிவில், 40 செ.மீ. நீளமுள்ள தட்டின் இரு முனைகளுக்கிடையே எண்ணெய் மட்டம் 8 செ.மீ. வேறுபடும். 30 பாகைச் சரிவில் அது 23 செ.மீ. உறிஞ்சும் வாய் முன்புறம் அமைந்து, எண்ணெயும் குறைவாக இருந்தால், மூக்கு மேல்நோக்கும்போது எண்ணெய் பின்னே ஓடிவிடும், பம்ப் காற்றை உறிஞ்சும், அழுத்தம் விழும், பிளேட் நழுவும். வண்டி சமநிலைக்கு வந்ததும் எண்ணெய் திரும்பும். வெடுக்கென்ற பிடிப்பு அதுதான்.

சோதித்துப் பார்க்கப் பெங்களூருக்குள் மேடு ஏது? மேம்பாலங்கள் மிக மென்மையானவை. அருகிலிருந்த கட்டடத்தின் அடித்தள வாகன நிறுத்தத்துக்குச் செல்லும் சாய்தளம்தான் கிடைத்தது. கடைப்பையன் மடியில் ஸ்கேனரோடு உட்கார, இயல்பான வேகத்தில் வண்டி மூன்றுமுறை முன்நோக்கி ஏறியது. இரண்டாம் முறையிலேயே உட்தண்டின் எண் ஒரு கணம் துள்ளி இறங்கியது. பின்நோக்கி ஏறியபோது எண் அசையவில்லை. பிரேக்கை அழுத்தியபடியே ஆக்சிலரேட்டரை முழுதும் மிதித்துப் பார்க்கும் ஸ்டால் சோதனையை மெக்கானிக் வேண்டுமென்றே தவிர்த்தார். ஐந்து நொடிக்கு மேல் போனால் எண்ணெய் கொதித்துவிடும். எண்ணெய் குறைந்த கியர்பாக்ஸில் அச்சோதனையே புதிய நோயை உண்டாக்கிவிடும்.

பிறகுதான் வண்டி லிஃப்டில் ஏறியது. அடிப்பக்கக் காப்புத்தகட்டில் பாறை இடித்த வடு. அதற்கு நேர் மேலே, எண்ணெயைக் கூலருக்குக் கொண்டுசெல்லும் குழாயின் இணைப்பில் ஈரக்கசிவு. தரையில் சொட்டும் அளவுக்கு இல்லை. காப்புத்தகட்டின் மீது தூசியோடு சேர்ந்து சேறாகப் படிந்திருந்தது. அதனால்தான் வீட்டு வாசலில் எண்ணெய்க் கறை எதையும் உரிமையாளர் கண்டதில்லை. எடுத்துப் பார்த்த எண்ணெய் பழுப்பேறியிருந்தது, கருகிய வாடை இல்லை. வாடை வந்திருந்தால் பிளேட்டின் பூச்சு எரியத் தொடங்கியிருக்கும். ஒரு குழாயோடு முடியவேண்டிய வேலை உரிமையாளர் அஞ்சிய அந்த லட்சத்தில்தான் முடிந்திருக்கும். இப்படி இன்னும் சில மேடுகள் ஏறியிருந்தால் போதும்.

குழாய் மாற்றப்பட்டது. எண்ணெய் நிரப்புவதில்தான் அரைநாள் போயிற்று. இவ்வகை கியர்பாக்ஸ்கள் பலவற்றில் அளவுகோல் கிடையாது. வண்டியைச் சமதளத்தில் நிறுத்தி, என்ஜினை ஓடவிட்டு, எண்ணெய் குறிப்பிட்ட வெப்பநிலையை எட்டும்போது பக்கவாட்டுத் திருகைக் கழற்றி, மெல்லிய இழையாக வழியும்வரை ஊற்றவேண்டும். எண்ணெய் சூட்டில் விரிவதால், குளிர்ந்த நிலையில் சரியெனத் தோன்றும் மட்டம் சூடான நிலையில் மிகுதியாகிவிடும். மிகுதியும் தீங்கே, சுழலும் உறுப்புகள் எண்ணெயைக் கடைந்து நுரையாக்க, பம்ப் மறுபடி காற்றையே உறிஞ்சும்.

மேட்டில் ஊர்ந்து ஏறும்போது லோ ரேஞ்ச் போடச் சொல்லியும், நிற்கும்போது ஆக்சிலரேட்டரால் அல்லாமல் பிரேக்கால் வண்டியைப் பிடித்துவைக்கச் சொல்லியும் மெக்கானிக் சாவியைக் கொடுத்தார். லோ ரேஞ்சில் கன்வெர்ட்டரின் சுமை குறையும். எண்ணெயும் அவ்வளவு சூடேறாது. சில நூறு கிலோமீட்டர் ஓடியபின் குழாய் இணைப்பை மறுபடி பார்க்கவேண்டும் என்றார். பணிமனையின் வேலைச்சீட்டில் புகாருக்கான கட்டத்தில் கடைப்பையன் எழுதியிருந்தது: ‘வண்டி ஸ்லிப்’.