ஒரே ஒரு 'ஒய்'!

லேப்ல ஏசி ஜில்லுன்னு ஓடிக்கிட்டிருந்தது. எனக்கு மட்டும் சட்டை நனைஞ்சு முதுகோட ஒட்டிக்கிச்சு. மணி சாயங்காலம் ஆறு. சர்வர்ல 'ஹோம்' ஏற மாட்டேங்குது. எங்க டிபார்ட்மென்ட்டோட மொத்த சொத்தும் அந்த 'ஹோம்'லதான். ஃபைனல் இயர் அறுபது பேரோட ப்ராஜெக்ட் உள்ளே கிடக்கு. மறுநாள் காலை பத்து மணிக்கு ரெவ்யூ!

2015-ல் நடந்த கதை. அப்போ நான் தேர்ட் இயர். லினக்ஸ்னாலே எனக்குக் கொஞ்சம் கொம்பு முளைச்சிருந்த காலம். லேப் அசிஸ்டென்ட் அண்ணன்தான் கூப்பிட்டு, "தம்பி, புது சர்வர் வந்திருக்கு. உபுண்டு போடணும், கூட இருக்கியா?"ன்னு கேட்டார். கேட்டதோட நிற்காம ரூட் பாஸ்வேர்டையும் சொன்னார். ஸ்டூடன்ட்டுக்கு அதைத் தரக்கூடாதுன்னு ரூல். அவரோ கான்ட்ராக்ட் ஆள்.

சர்வர்ல 500 ஜிபி டிஸ்க் ரெண்டு. "தனித்தனியா பார்ட்டிஷன் போட்டா நாளைக்கு ஒண்ணு நிறைஞ்சிடும், இன்னொண்ணு காலியா கிடக்கும். எல்விஎம் போட்டுடலாம்"னார் அண்ணன். எனக்குப் புரியலை. அவர் ஊர்ப்பக்கத்து ஆள். குதிரை வெச்சே விளக்கினார்.

"ரெண்டு மூட்டை நெல்லு இருக்குன்னு வெச்சுக்க. அதுதான் டிஸ்க், பிசிகல் வால்யூம். ரெண்டையும் ஒரே குதிர்ல கொட்டிடறோம். அது வால்யூம் குரூப். அப்புறம் யாருக்கு எவ்வளவு வேணுமோ படியால அளந்து கொடுக்கறோம். அது லாஜிக்கல் வால்யூம். படிதான் எக்ஸ்டென்ட், ஒரு படி 4 எம்பி. வாங்கினவனுக்கு எந்த மூட்டை நெல்லுன்னு தெரிய வேண்டியதில்லை. பத்தலைன்னா இன்னொரு மூட்டை வாங்கிக் கொட்டிக்கலாம்."

லினக்ஸுக்கு இதை 1998-ல் எழுதினவர் ஹெய்ன்ஸ் மவெல்ஷாகன். ஹெச்பி-யுஎக்ஸ்ல இருந்த ஐடியாவைப் பார்த்துச் செஞ்சது. எனக்கு அன்னிக்கு அதெல்லாம் எங்கே தெரியும்? பிவிகிரியேட், விஜிகிரியேட், எல்விகிரியேட்னு மூணு கமாண்ட், பத்து நிமிஷத்துல வேலை முடிஞ்சது. ரூட்டுக்கு 30 ஜிபி, ஸ்வாப்புக்கு 8, 'வார்'க்கு 20. மிச்சம் எல்லாத்தையும் 'ஹோம்'க்கே அள்ளிக் கொடுத்தோம். குதிர் சுத்தமா காலி. இந்த இடத்துலதான் சறுக்கினோம். ஆனா அப்போ தெரியலை.

நாலு மாசத்துல 'வார்' நிரம்பிடுச்சு. டேட்டாபேஸ், லாக் எல்லாம் அங்கேதானே உட்காரும்! அண்ணன் அன்னிக்கு லீவு. 'ஹோம்'ல 600 ஜிபிக்கு மேல சும்மா கிடக்கே, 100 ஜிபி எடுத்து இதுக்குக் கொடுத்தா ஆச்சு, அண்ணன் வந்து அசந்துடுவார்னு நினைச்சேன்.

எல்லாரும் கிளம்பினதும் 'ஹோம்'ஐ அன்மவுன்ட் பண்ணேன். எல்விரெட்யூஸ் அடிச்சேன். 'டேட்டா அழியலாம், நிஜமாவே குறைக்கணுமா?'ன்னு அது கேட்டுச்சு. எல்லா சாஃப்ட்வேரும் இப்படித்தானே பயமுறுத்தும்! 'ஒய்' தட்டினேன். திரும்ப மவுன்ட் பண்ணா... ஃபைல் சிஸ்டம் பெரிசா இருக்கு, டிஸ்க் சின்னதா இருக்குன்னு எர்ரர்.

என்ன ஆச்சு தெரியுமா? பெட்டியைச் சின்னதாக்கறதுக்கு முன்னாடி உள்ளே இருக்கிற பொருளை ஒதுக்கி அடுக்கணும். அதாவது ரீசைஸ்2எஃப்எஸ் கொடுத்து முதல்ல ஃபைல் சிஸ்டத்தைச் சுருக்கணும். அப்புறம்தான் வால்யூமைச் சுருக்கணும். நான் பொருளோட சேர்த்துப் பெட்டியை ரம்பத்தால அறுத்துட்டேன்!

நடுங்கிக்கிட்டே அண்ணனுக்கு போன் போட்டேன். அவர் முதல்ல கேட்டது ஒண்ணே ஒண்ணுதான். "எடுத்த இடத்தை 'வார்'க்குக் கொடுத்துட்டியா?"

"இல்லண்ணே."

"எஃப்எஸ்சிகே ஓட்டினியா?"

"இல்லண்ணே."

"அப்போ கீபோர்டைத் தொடாதே. வர்றேன்."

முக்கால் மணி நேரத்துல லுங்கியோட பைக்ல வந்து இறங்கினார். திட்டலை. எட்சி ஃபோல்டர்ல எல்விஎம், அதுக்குள்ளே ஆர்க்கைவ்னு ஒரு இடத்தைத் திறந்து காட்டினார். நாம ஒவ்வொரு தடவை மாத்தறதுக்கு முன்னாடியும் எல்விஎம் பழைய கணக்கை அங்கே எழுதி வெச்சுக்குமாம். "நீ அழிச்சது நெல்லை இல்லை தம்பி. எந்தப் படி யாருக்குங்கற கணக்கைத்தான். அந்த இடத்துல வேற யாரும் எழுதாத வரைக்கும் நெல்லு அப்படியேதான் இருக்கும்"னார். சரியான ஃபைலைத் தேடி எடுத்து விஜிசிஎஃப்ஜி-ரீஸ்டோர் கொடுத்தார். 'ஹோம்'ஐ அணைச்சு, ஏத்தி, செக் பண்ணி, மவுன்ட் பண்ணார். அறுபது பேரும் பத்திரம்! எனக்கு அழுகை வந்துடுச்சு.

அந்த வாரமே ஸ்டோர் ரூம்ல கிடந்த ஒரு 250 ஜிபி டிஸ்க்கைத் தூசி தட்டி மாட்டினோம். விஜிஎக்ஸ்டெண்ட், எல்விஎக்ஸ்டெண்ட், ரீசைஸ்2எஃப்எஸ். பசங்க லேப்ல வேலை பார்த்துக்கிட்டே இருக்காங்க, 'வார்' பாட்டுக்குப் பெருசாகுது! இந்தத் தடவை 100 ஜிபியை யாருக்கும் கொடுக்காம குதிர்லயே விட்டு வெச்சோம். பெருக்கறது சுலபம், சுருக்கறதுதான் ஆபத்து. எக்ஸ்எஃப்எஸ் ஃபைல் சிஸ்டம்னா அப்போ சுருக்கவே முடியாது. இன்னொண்ணும் அண்ணன் சொன்னார்: "எல்விஎம் பேக்கப் இல்லை. ஒரு டிஸ்க் செத்தா, ரெண்டு டிஸ்க்லயும் பரவிக் கிடக்கிற 'ஹோம்' மொத்தமும் போச்சு." வாரா வாரம் வெளி டிஸ்க்குக்கு பேக்கப் ஆரம்பிச்சது அப்புறம்தான்.

இப்போ எனக்கு வேலையே சர்வர்தான். எல்விரெட்யூஸோட 'ஆர்' ஆப்ஷன் சேர்க்காம விடமாட்டேன். ஃபைல் சிஸ்டத்தையும் அதுவே சேர்த்துச் சுருக்கிடும்.

ஆனா சொல்ல வந்தது இது இல்லை. மறுநாள் காலையில ஹெச்ஓடி, "நேத்து நைட் ரெண்டு மணி நேரம் சர்வர் ஏன் டவுன்?"னு எல்லார் முன்னாடியும் அண்ணனைப் பிடிச்சார். "மெயின்டனன்ஸ் சார், சொல்லாம பண்ணது என் தப்புதான்"னார் அவர். கிடைச்சது ஒரு மெமோ. நான் மூணாவது பெஞ்ச்ல தலையைக் குனிஞ்சு உட்கார்ந்திருந்தேன். அடுத்த வருஷம் அவரோட கான்ட்ராக்டைப் புதுப்பிக்கலை. மெமோதான் காரணமான்னு எனக்குத் தெரியாது. கேட்கவும் தைரியம் வரலை.

அண்ணே, எங்கேயாவது இதைப் படிச்சீங்கன்னா... அந்த 'ஒய்' தட்டினது நான்தான்னு அன்னிக்கே எழுந்து நின்னு சொல்லியிருக்கணும். சொல்லாததுக்கு எந்த ஆர்க்கைவ்லயும் ரீஸ்டோர் இல்லைண்ணே.