பூவுக்கு ஒரு பிள்ளை

நான் ஒண்ணாப்பு படித்தது ஒரு செட்டியார் வீட்டு வளவில். 1972 இருக்கும். காரைக்குடிக்குத் தெற்கே எங்கள் ஊரில் பள்ளிக்கூடத்துக்கென்று அப்போது தனிக் கட்டடம் கிடையாது. மதராசில் குடியேறிவிட்ட ஒரு குடும்பம், பூட்டிக்கிடந்த பூர்வீக வீட்டை வாடகை வாங்காமல் விட்டிருந்தது.

முகப்பைத் தாண்டினால் நடுவில் வானம் பார்த்த முற்றம். சுற்றிலும் பர்மா தேக்குத் தூண்கள் நிற்கும் தாழ்வாரம். அதை ஒட்டி வரிசையாக அறைகள், ஒவ்வொன்றும் ஒரு புள்ளிக்கு, அதாவது கல்யாணமான ஒரு மகனின் குடும்பத்துக்கு. அறைகளுக்குள் சீர்ப் பாத்திரங்களும் பெட்டிகளும் அடைந்து கிடந்ததால் எல்லாவற்றிலும் பூட்டு. சாவிக்கொத்து கணக்கப்பிள்ளையின் இடுப்பில். எங்களுக்கு வாய்த்தது தாழ்வாரம் மட்டும்தான். கிழக்கே ஒண்ணாப்பு, தெற்கே ரெண்டாப்பு, எதிரில் மூணாப்பு, முகப்பில் பெரிய பிள்ளைகள். நடுவில் தடுப்பே கிடையாது. ரெண்டாப்புக்குப் போவதற்குள் பதினாறாம் வாய்ப்பாடு எனக்கு மனப்பாடம் ஆனது எதிர்த் தாழ்வாரத்தின் புண்ணியத்தில். மழை பிடித்துக்கொண்டால் முற்றத்தில் விழும் தண்ணீர்ச் சத்தத்தில் எந்த டீச்சரின் குரலும் எடுபடாது. அன்றைக்குப் பாடம் இல்லை.

உட்கார பெஞ்சு இல்லை, பாயும் இல்லை. ஆத்தங்குடிக் கல் பதித்த தரைதான். எட்டு அங்குலக் கல், நாலு சேர்ந்தால் முழுசாக ஒரு பூ. செங்காவி நிறத்தில் நடுவட்டம், மஞ்சளில் இதழ், ஓரத்தில் பச்சைக் கொடி. எங்கள் டீச்சர் அந்தத் தரையைப் பார்த்த மாத்திரத்தில் கணக்குப் போட்டிருக்க வேண்டும். ஒரு பூவுக்கு ஒரு பிள்ளை. ஒரு பூ விட்டு ஒரு பூ. வருகைப் பதிவுக்கு அவர் பேர்கூடக் கூப்பிட மாட்டார். எந்தப் பூ காலியாக இருக்கிறது என்று ஒரு பார்வை, அவ்வளவுதான். "ஏண்டா, அது ஒன் பூவா? எந்திரி, ஒன் பூவுக்குப் போ" என்பதுதான் வகுப்பில் அதிகம் கேட்ட அதட்டல். என் பூவில் இடப்பக்க இதழ் ஒன்று பெயர்ந்து, சாம்பல் நிறச் சாந்து வைத்து அடைத்திருந்தார்கள். தடவிப் பார்த்தால் அந்த இடம் மட்டும் சொரசொரக்கும். சிலேட்டுக் குச்சியின் முனையை அதில்தான் தீட்டுவேன். அடுத்த பூக்காரன் ஒருவன், தன் குச்சியையும் தீட்டிக்கொள்ள எனக்கு நெல்லிக்காய் லஞ்சம் கொடுத்திருக்கிறான்.

மற்ற இடமெல்லாம் வழவழப்பு. அது ஏன் என்று ஆத்தங்குடிப் பட்டறை ஒன்றில் நின்று பார்த்தபோது புரிந்தது. கல்லைச் சூளையில் சுடுவதில்லை. கண்ணாடித் தகட்டின் மேல் சட்டத்தை வைத்து, பூ அச்சின் கண்களில் கலர் சிமெண்டுக் குழம்பை ஊற்றுகிறார்கள். அச்சை உருவியதும் உலர்ந்த சிமெண்டு மணல் கலவையைத் தூவி, அதன்மேல் ஈரச் சாந்து போட்டு மட்டம் தட்டுகிறார்கள். பிறகு தண்ணீர்த் தொட்டியில் ஊறவைப்பது. கண்ணாடியை ஒட்டியிருந்த முகம்தான் நாம் மிதிக்கும் முகம். சுண்ணக்கட்டியால் அதில் எழுதி ஈரத்துணியால் துடைத்தால் அடையாளமே இருக்காது. சிலேட்டு உடைந்தவனுக்கு அவனுடைய பூவே சிலேட்டு.

கரும்பலகையோ முக்காலியில் உயரமாக நிற்கும். வெள்ளிக்கிழமை மத்தியானம் அதைக் கீழே இறக்குவது ஒரு திருவிழா. அடுப்புக்கரியையும் ஊமத்தை இலையையும் சேர்த்து அரைத்துப் பலகையில் தேய்ப்போம். கை மணக்குமா நாறுமா என்று சொல்லத் தெரியாத ஒரு வாடை. திங்கட்கிழமை பலகை மறுபடி உயரத்துக்குப் போய்விடும். தேசப்படம், தலைவர்களின் படங்கள், கடிகாரம் எல்லாமே மேலே. காமராசர் முதலமைச்சராக இருந்தபோது, 1958 முதல், கல்வித் துறை இயக்குநர் நெ. து. சுந்தரவடிவேலு முன்நின்று நடத்திய பள்ளிச் சீரமைப்பு மாநாடுகளில் ஊர்மக்கள் நாற்காலி, மேசை, கரும்பலகை என்று அள்ளிக் கொடுத்தார்கள். நல்ல காரியம், சந்தேகமில்லை. ஆனாலும் எங்கள் பள்ளிக்கு வந்திருந்த நாற்காலியின் முதுகில் உபயதாரர் பெயரை நாங்கள் எழுத்துக்கூட்டி வாசித்திருக்கிறோமே தவிர, ஒருவரும் அதில் உட்கார்ந்ததில்லை.

என் சின்னம்மா காரைக்குடியில் மாண்டிசோரி பள்ளி ஒன்றில் ஆயாவாக இருந்தார். அழகப்பச் செட்டியார் தொடங்கிவைத்த கல்வி நிறுவனங்களின் வரிசையில் மாண்டிசோரி முறைக்கும் இடம் இருந்தது. ஒரு விடுமுறை நாளில், கூட்டிப் பெருக்கப் போகும்போது என்னையும் கூட்டிப்போனார். அலமாரி என் இடுப்புயரம். நாற்காலி என் முழங்காலுக்கு. தண்ணீர்க் குழாய்கூட எட்டுகிற இடத்தில். "தொடலாமா சின்னம்மா?" என்றேன். "தொடத்தாண்டா வச்சிருக்கு" என்றார். மூலையில் சின்னச் சின்னப் பாய்கள் சுருட்டி நின்றன. ஒரு பிள்ளை தரையில் வேலை செய்யப் போனால் முதலில் தன் பாயை விரிக்க வேண்டுமாம், விரித்த பாயை இன்னொரு பிள்ளை மிதிக்கக் கூடாதாம். எனக்கு ஒன்றும் அதிசயமாகத் தோன்றவில்லை. எங்கள் பூவும் அதேதானே! மரியா மாண்டிசோரி 1907இல் ரோம் நகரத்தின் ஏழைக் குடியிருப்பு ஒன்றில் தன் முதல் பள்ளியைத் திறந்தவர், 1939இல் அடையாறுக்கு வந்து உலகப்போர் முடியும்வரை இந்தியாவில் இருந்தவர் என்பதெல்லாம் பெரியவனான பிறகு படித்தது. அவர் யோசித்து எட்டிய இடத்துக்கு எங்கள் டீச்சர் ஒரு தரையின் தயவில் போய்ச் சேர்ந்திருந்தார்.

பிறகு ஊருக்கு வெளியே புதுக் கட்டடம் வந்தது. இரண்டு அறை, மழை ஒழுகாத கூரை, ஜன்னல்கள் எங்கள் தலைக்கு மேலே. தரை வெறும் சிமெண்டுப் பூச்சு. முதல் வாரமே இடச்சண்டை. இடித்துக்கொண்டு உட்கார்ந்தோம், கிள்ளிக்கொண்டோம். டீச்சர் காலையில் வந்ததும் சுண்ணக்கட்டியால் தரையில் கட்டம் போடுவார். மதியச் சோற்றுக்கு எழுந்து போய் வருவதற்குள் எங்கள் கால்களே அதை அழித்துவிடும். கொஞ்ச நாளில் அவருக்கும் அலுத்துப்போனது. பேர் கூப்பிட ஆரம்பித்தார்.

என் தம்பி மனைவி ஒரு தொடக்கப் பள்ளியில் டீச்சர். 2007இல் செயல்வழிக் கற்றல் தமிழ்நாடு முழுக்க வந்தபோது அவளுடைய வகுப்பைப் போய்ப் பார்த்தேன். மேசை நாற்காலி இல்லை. பாய் விரித்துப் பிள்ளைகளோடு டீச்சரும் கீழே. தலைக்கு மேல் கம்பிப் பந்தல், அதில் பிள்ளைகள் வரைந்த படங்கள் தொங்கின. சுவரைச் சுற்றி, தரையிலிருந்து முழங்கால் உயரத்தில், கரும்பலகைப் பட்டை. அதைக் கோடு கிழித்துப் பிரித்து, ஒவ்வொரு கட்டத்துக்கும் மேல் ஒரு பேர். வந்ததும் வராததுமாகப் பிள்ளைகள் அவரவர் கட்டத்துக்கு ஓடினார்கள். அந்த முறையின் பாட அட்டைகளையும், அவற்றின் வரிசையைக் காட்டும் ஏணிப்படிகளையும் பற்றி ஆசிரியர்களுக்கு நூறு குறைகள் இருந்தன, சிலது நியாயமும்கூட. அந்தப் பட்டையைக் குறை சொன்ன ஒருவரையும் நான் பார்க்கவில்லை.

பாடத்திட்டம் மாறியது, அட்டைகள் பெட்டிக்குள் போயின. சுவரில் பூசிய பலகையை யார் பெட்டியில் போடுவது? இப்போது பள்ளிகளுக்கு வண்ணம் அடிப்பதென்றால் சுவர் முழுக்க முயலும் கரடியும் சோட்டா பீமும் வரைகிறார்கள். வாசலில் நின்று போட்டோ எடுப்பவருக்கு அது அழகுதான். பிள்ளைக்கு அதில் செய்ய ஒரு வேலையும் இல்லை. தம்பி மனைவியின் பள்ளிக்கும் ஒரு பெயிண்டர் வந்தார். "கீழ இருக்க கறுப்பை எல்லாம் மூடிட்டு மீனு வரைஞ்சு தரட்டுமா டீச்சர்?" என்று கேட்டிருக்கிறார்.

"மீனை மேல வரைங்கண்ணே," என்றாளாம் இவள். "கறுப்புல இன்னொரு பூச்சு மட்டும் குடுங்க. பொங்கல் கழிஞ்சு ரெண்டு புதுப் பிள்ளைக வருது, ஒரு ரெண்டு கட்டமும் கூடப் போட்டுருங்க."