ஏவல் மொழியும் கேட்கும் செவியும்

வேறொரு பண்பாட்டினரோடு சேர்ந்து தொழில் செய்பவர், அவர்களின் பேச்சையும் பழக்கத்தையும் உட்பொருளோடு விளங்கிக்கொண்டு தம் நடத்தையை அதற்கேற்பத் திருத்திக்கொள்ளும் ஆற்றலை மேலாண்மை இயலார் பண்பாட்டு நுண்ணறிவு என்கின்றனர். கிறிஸ்டோபர் ஏர்லி, சூன் ஆங் ஆகியோர் 2003இல் வெளியிட்ட நூலின் வழியே இத்தொடர் பரவலாயிற்று. ஆனால் அது சுட்டும் தேவை, 1867இல் ஜேம்ஸ் டெய்லர் இலங்கையின் லூல்கந்துரவில் தேயிலை பயிரிடுவதற்கு முன்பே, துரைமார் எனப்பட்ட பிரித்தானியத் தோட்ட நிர்வாகிகளும் தென்னிந்தியாவிலிருந்து வந்த தமிழ்த் தொழிலாளரும் எதிரெதிரே நின்ற கோப்பித் தோட்டங்களில் எழுந்துவிட்டது.

அத்தேவையைத் துரைமாரும் உணர்ந்தே இருந்தனர். சின்னத்துரை எனப்பட்ட உதவித் துரை தமிழ் பழகுவதற்கென்று 'இங்கே வா' என்ற தலைப்பில் ஒரு கைநூல் அச்சிடப்பட்டது. 1915இல் வெல்ஸ் என்பவரின் 'கூலித் தமிழ்' வெளிவந்தது. முதல் நூலின் தலைப்பே ஒருமையில் அமைந்த ஏவல். மூத்தவரை 'வாங்க' என்று அழைக்கும் மரபை விட்டுவிட்டுக் கற்ற தமிழ் வேலை ஏவ உதவியது. குறை கேட்க உதவவில்லை. தொழிலாளரின் ஊர், உறவு, சாதி, கடன் அனைத்தையும் அறிந்தவர் அவர்களைத் திரட்டி வந்த கங்காணியே. அவ்வறிவோ பெரும்பாலும் ஆட்களைக் கடனில் கட்டிவைக்கவே பயன்பட்டது. தொழிலாளியின் கடனைத் தீர்த்த பின்னரே அவரை வேறு தோட்டம் ஏற்க இயலும் என்று எழுதித்தரப்பட்ட 'துண்டு' என்னும் சீட்டு முறை 1921இல்தான் ஒழிந்தது. மதிப்பில்லாத இடத்தில் பண்பாட்டு அறிவும் ஒரு விலங்காகிவிடும் என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டியதில்லை.

மதிப்போடு கூடிய அறிவு எத்தகையது என்பதைக் கவ்வாத்து மலையில் காணலாம். கவ்வாத்து என்பது சில ஆண்டுகளுக்கு ஒருமுறை தேயிலைச் செடியின் கிளைகளை ஒட்ட வெட்டும் வேலை. சரிவில் குனிந்து நின்று கூரிய கத்தியை வீசவேண்டியிருப்பதால், கால் வழுக்கினால் காயம் நிச்சயம். ஆகவே வேலை தொடங்குமுன் தேங்காய் உடைத்து, கற்பூரம் கொளுத்தி, கவ்வாத்துச் சாமியை வணங்குவர். தொழிற்சாலை இயந்திரத்துக்கு ரோதமுனி காவல்; சக்கரத்தைக் குறிக்கும் போர்த்துக்கேய வழிச் சொல்லும் தமிழ்க் கிராமத்து முனியும் அப்பெயரில் ஒன்றாயின. இவ்வழிபாட்டை வீணான அரைமணி நேரம் என்று கணக்கிடுபவர், தொழிலாளரின் அச்சம் எது என்பதைத் தெரிந்துகொள்ளும் வாய்ப்பை இழக்கிறார். செருப்பைக் கழற்றிவிட்டு உடன் நிற்பவருக்கோ, எந்தச் சரிவு ஆபத்தானது, எந்தக் கத்தியின் பிடி தளர்ந்திருக்கிறது என்பதை அவர்களே சொல்லக்கூடும்.

கொழுந்து நிறுக்கும் தராசடியிலும் இதே பாடம் உண்டு. தோட்டத்தில் ஒரு நாள் வேலையைப் 'பேர்' என்பர். நிர்ணயித்த நிறைக்குக் கொழுந்து குறைந்தால் 'அரைப்பேர்' விழும். ஈரத்துக்கென்றும் சாக்குக்கென்றும் கிலோ கழிக்கப்படும்போது, அலுவலகப் பதிவேட்டுக்கு அது வெறும் எண். காலை முதல் மழையில் நின்றவளுக்கோ தன் பேரே பாதியானது போன்ற சிறுமை.

1972, 1975 நிலச் சீர்திருத்தங்களால் அரசுடைமையாகிய தோட்டங்களின் நிர்வாகம் 1992இல் பிராந்தியக் கம்பனிகளிடம் சென்றது. இன்று ஹட்டனிலும் நுவரெலியாவிலும் துரை பலவேளை சிங்களவர், பறிப்பவர் தமிழர். அரசியலமைப்பின் 1987ஆம் ஆண்டு 13ஆவது திருத்தம் தமிழையும் ஆட்சிமொழியாக்கியது உண்மையே. எனினும் சட்டம் மொழிக்கு இடம் தருமேயன்றிச் செவியைத் தராது. மேலிருப்பவரின் மொழியையும் மனப்போக்கையும் கற்றுக்கொள்ளும் சுமையைத் தொழிலாளர் தலைமுறை தலைமுறையாகச் சுமந்துவிட்டனர்; இனி அதில் பாதியை நிர்வாகம் ஏற்கவேண்டும். தன் கொழுந்தில் இரண்டு கிலோ ஏன் கழிந்தது என்று ஒரு பெண் தராசடியில் தன் மொழியில் கேட்கவும், அதே மொழியில் 'சொல்றேங்க' என்று தொடங்கும் விடையைப் பெறவும் முடிகின்ற தோட்டத்திலேயே பண்பாட்டு நுண்ணறிவு இருக்கிறது எனலாம்.