கத்தரிப்பூ நிறத்தில் ஒரு கறிவேப்பிலை



டொரண்டோவில் மகள் வீட்டுக்குள் விளக்குப் போட்டு வளர்க்கும் கறிவேப்பிலை, அவள் அம்மா கடைசியாகப் போனபோது நட்டது. "இலை பழுக்குதாப்பா?" என்று படம் அனுப்பினாள். எல்லாம் கத்தரிப்பூ நிறம், இலை கருப்பு. போனில் நிறத்தை மாற்றிப் பார்த்தேன், சாம்பலாச்சு.

பிறகுதான் நான் நடத்திய பாடமே நினைவு வந்தது. இலை சிவப்பையும் நீலத்தையும் உறிஞ்சும், பச்சையைத்தான் அதிகம் திருப்பி அனுப்பும். அந்த விளக்கில் பச்சையே இல்லை. இல்லாததை எப்படித் திருத்துவது?

"விளக்கை அணைத்து, ஜன்னலோரம் வைத்து, பக்கத்தில் வெள்ளைத்தாளோடு எடும்மா" என்றேன். தாள் வெள்ளையாகத் தெரியும்வரை சரிசெய்தேன். கொழுந்து மஞ்சள், நரம்பு மட்டும் பச்சை. இரும்புச்சத்துக் குறைவு போலத்தான்.

"பிழைச்சுக்கும்மா" என்றேன். அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் பேச்சில்லை.

சித்தையன்கோட்டையிலிருந்து, உங்கள் வாத்தியார்.